கீழாநெல்லி குடித்தவன் முகம்

எர்ணாகுளத்தில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டின் குளிர் அறையில் பழப்பெட்டி அடுக்குவது ஈஸ்வரபாண்டியின் வேலை. தடித்த கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகும். கழற்றாவிட்டால் போன் தொட்டதைக் கேட்காது. அதனால் ஊருக்கு எதைச் சொல்வதானாலும் போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு பேசிவிடுவான். அது எழுத்தாக மாறி, மார்க்கையன்கோட்டையில் இருக்கிற குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் போய் விழும். கையால் எழுதுகிறவனுக்கு விரல் வலிக்கும், ஓர் இடத்தில் நிறுத்துவான். வாயால் எழுதுகிறவனை எது நிறுத்தும்? அதிலும் ஈஸ்வரபாண்டி பிறவியிலேயே பயந்த சுபாவம். பால் பொங்கி வழிந்தால்கூட அடுப்பு வெடித்துவிட்டதா என்று கேட்கிற ஆள். அவன் அனுப்புகிற சேதி ஒவ்வொன்றும் திராட்சைப் பந்தல் நீளத்துக்கு இருக்கும்.

அப்படிப்பட்டவனின் அப்பாவுக்கு டிபி வந்தது.

அப்பா வேலுச்சாமிக்கு மட்டும் வந்திருந்தால் கதை சுருக்கமாக முடிந்திருக்கும். எதிர்வீட்டுச் சுயம்புலிங்கத்துக்கும் சேர்ந்தே வந்தது. சுயம்புலிங்கம் வேறு யாருமில்லை, வேலுச்சாமியின் தங்கை பாண்டியம்மாளைக் கட்டியவர். இருவரும் தினமும் பம்புசெட்டு ரூமில் உட்கார்ந்து ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுப்பவர்கள்.

“நோயக்கூடத் தனியா வச்சுக்கத் தெரியல ஒங்கப்பாவுக்கு. மாப்பிள்ளைக்கும் பங்கு குடுத்துருக்காக,” என்றாள் அம்மா கஸ்தூரியம்மாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் ஆறு மாதத்துக்கு மாத்திரை எழுதினார் டாக்டர் ஜெபஷீலா. அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுத் தூக்கிப் பிடித்திருந்தாள். “இந்த மாத்திரை சில பேருக்கு ஈரலைப் பாதிக்கும். பசி குறைஞ்சாலோ, வாந்தி வந்தாலோ, கண்ணு மஞ்சளானாலோ உடனே வரணும். நடுவுல ரத்தம் எடுத்துப் பாப்போம். எங்களக் கேக்காம வேற எதையும் சாப்பிடக் கூடாது,” என்றார் டாக்டர்.

அவர் சொன்னது நான்கு விஷயம். குளிர் அறையில் நின்ற ஈஸ்வரபாண்டியின் காதில் ஏறியது முதல் விஷயம் மட்டும்தான். ஈரலைப் பாதிக்கும். நோய் ஒரு பக்கம் இருக்கட்டும், மருந்தே ஈரலைத் தின்னும் என்றால் மனுஷன் எங்கே போவான்?

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் அவன் சாப்பிடவில்லை. போனில் தேடினான். எங்கேயோ ஒரு ஆராய்ச்சியில், எலிகளுக்குக் காய்ச்சல் மாத்திரையை அளவுக்கு மீறிக் கொடுத்து ஈரலைக் கெடுத்திருக்கிறார்கள். அதே மாத்திரையோடு கீழாநெல்லிச் சாற்றையும் குடித்த எலிகளுக்கு ஈரல் அவ்வளவாகக் கெடவில்லையாம். ஈஸ்வரபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே போனை வாய்க்கு நேரே பிடித்தான்.

“அம்மா பயப்படாதீங்க நான் இருக்கேன் அப்பாவுக்கு தெனமும் கீழாநெல்லி அரச்சுக் குடுங்க வெறும் வயித்துல காய்ச்சல் மாத்திரையில ஈரல் கெட்ட எலிக்குக் குடுத்துருக்காக நல்லாயிருச்சு சேட்டா ஆப்பிள் பெட்டி அவிடே வைக்கூ அம்மா ஒருநாள் கூட விடக் கூடாது குடிச்சதும் எனக்கு வீடியோ அனுப்பணும் அனுப்பாட்டி நான் தூங்க மாட்டேன்.”

அரை மணி நேரத்தில் அம்மாவின் பதில் வந்தது. “சரிய்யா. நடுவுல ஆப்பிள் பெட்டின்னு வருதே, ஆப்பிளையும் சேத்து அரைக்கணுமா?”

அது பக்கத்தில் நின்ற மலையாளியிடம் சொன்னது, ஆப்பிள் வேண்டாம் என்று தெளிவானதும் அடுத்த சிக்கல் எழுந்தது. வேலுச்சாமியின் திராட்சைத் தோட்டத்து வரப்பெல்லாம் கீழாநெல்லிதான். ஆனால் வேலுச்சாமி தொடமாட்டேன் என்று நின்றார்.

“நம்ம தோட்டத்துத் தழ வேணாம்.”

“ஏன், நம்ம தோட்டத்துக்கு என்ன கொற?” என்றாள் கஸ்தூரியம்மாள்.

“அதுல என்னென்ன அடிச்சிருக்கேன்னு எனக்குல்ல தெரியும்.”

மருந்து படாத மண் அந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான். சுயம்புலிங்கத்தின் தென்னந்தோப்பு. விடிந்ததும் கஸ்தூரியம்மாள் அங்கே போய்க் குனிந்து குனிந்து கீழாநெல்லி பிடுங்கினாள். பல் துலக்கிக்கொண்டே வந்த பாண்டியம்மாள் பார்த்துவிட்டாள்.

“என்ன மதினி, எங்க தோப்புல களையெடுக்குறீக? கூலி எதுவும் கேக்க மாட்டீகளே?”

கஸ்தூரியம்மாளுக்குப் பொய் சொல்ல வராது. மகன் சொன்னதைச் சொன்னாள். எலியைச் சொன்னாள். பாண்டியம்மாள் வாயில் இருந்த நுரையைத் துப்பினாள்.

“நல்லாருக்கே நாயம்! எங்க தோப்புல புடுங்கி எங்கண்ணனுக்குக் குடுப்பீக. இந்தத் தோப்புக்காரரு ஈரலு வெந்து கெடக்கணுமா?”

இதைப் பொறாமை என்று நினைத்தால் தப்பு. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை வைத்திருக்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்: பக்கத்துப் பந்தலில் மருந்து அடித்தால் அன்றைக்கே நாமும் அடித்துவிட வேண்டும். அடித்த பந்தலில் இருக்கமுடியாத பூச்சி, அடிக்காத பந்தலைத் தேடித்தான் வரும். அதனால் ஒரு தோட்டத்தில் ஸ்பிரேயர் சத்தம் கேட்டால், அடுத்த தோட்டத்துக்காரர் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடுவார். பாண்டியம்மாள் அந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவள். அண்ணன் ஈரலுக்கு மருந்து அடித்தாகிவிட்டது. அங்கே இடமில்லாத காமாலை நேரே தெருவைக் கடந்து எங்கே வரும்? இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

அன்று காலை இரண்டு வீட்டிலும் அம்மி ஓடியது.

ஈஸ்வரபாண்டிக்கு முதல் வீடியோ வந்தது. வேலுச்சாமி முகப்புச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். கையில் செம்பு. ஒரே மூச்சில் குடிக்கிறார். பிறகு அவர் முகத்தில் நடந்ததுதான் பார்க்க வேண்டியது. முதலில் இடது கண் மூடியது. மீசை வலது காதுப் பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. தோள் இரண்டும் ஏறி இறங்கின. கடைசியில் முகம் மொத்தமும் பிழிந்த துணியாகச் சுருங்கி, மெல்ல மெல்ல விரிந்து, “ம்ம்… ஆச்சுலே, தூங்கு” என்றது. ஈஸ்வரபாண்டி அந்த வீடியோவை நாலு தடவை பார்த்துவிட்டு அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினான்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் ஸ்பிரேயர் சத்தம் ஒன்றோடு நிற்பதில்லை.

அடுத்த வாரம் பாண்டியம்மாள் தன் புருஷனுக்குக் கீழாநெல்லியோடு கரிசலாங்கண்ணியும் சேர்க்கிறாள் என்ற சேதி தெருவைத் தாண்டி வந்தது. கஸ்தூரியம்மாள் விடுவாளா? கரிசலாங்கண்ணியைச் சேர்த்து, மேலே நிலவேம்பையும் போட்டாள். பாண்டியம்மாள் சீந்தில் கொடிக்குப் போனாள். கஸ்தூரியம்மாள் பப்பாளி இலையைப் பிழிந்தாள். குமுளிக்கு ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போய்வருகிற ஒருத்தியிடம் சொல்லி, பெயர் தெரியாத ஒரு பழுப்புப் பொடியை வரவழைத்தாள் பாண்டியம்மாள். அதில் பாதியைப் பாசத்தோடு அண்ணன் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள், எங்கள் வீட்டுக்கு அது வந்துவிட்டது என்று இவர்களுக்குத் தெரியவேண்டுமே. செம்பு போய்ச் சட்டியாகி, சட்டி போய்ச் சின்ன வாளியானது.

“ஏன் மாப்பிள, நாம ரெண்டு பேரும் நோயாளியா, ஆடா?” என்று கேட்டார் வேலுச்சாமி.

“ஆட்டுக்குக்கூட இம்புட்டுத் தழ போட மாட்டாக மச்சான்,” என்றார் சுயம்புலிங்கம்.

இருந்தாலும் இருவரும் குடித்தார்கள். வயிறு நிறையத் தழைத்தண்ணீர் நின்றதால் சோறு இறங்கவில்லை. இதையெல்லாம் அம்மா மகனிடம் சொல்லவில்லை. வீடியோ மட்டும் தவறாமல் போனது. சாறு வரவரக் கறுப்பாகிக்கொண்டே போனதை மட்டும் ஈஸ்வரபாண்டி கவனித்தான். போனில் வெளிச்சம் குறைவு என்று நினைத்துக்கொண்டான்.

ரத்தம் எடுத்துப் பார்க்கிற நாள் வந்தது. டாக்டர் ஜெபஷீலா இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

“ரெண்டு பேருக்குமே ஈரல் நம்பர் ஏறியிருக்கு. எடையும் குறைஞ்சிருக்கு. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி பாப்போம். இதுக்கு மேல ஏறுனா மாத்திரைய நிறுத்த வேண்டியிருக்கும். நிறுத்துனா டிபி திரும்பத் தலையெடுக்கும், அதான் எனக்குப் பயம். வேற ஏதாவது சாப்பிடுறீங்களா?”

“ஒண்ணுமில்லம்மா,” என்றார் வேலுச்சாமி.

“சத்தியமா ஒண்ணுமில்லம்மா,” என்றார் சுயம்புலிங்கம்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. சாப்பிடுவது என்றால் மாத்திரை, டானிக், ஊசி. தழை எந்தக் காலத்தில் மருந்தானது? அது தழைதானே.

அன்று மாலை அம்மா போனில் அழுதாள். அழுகைக்கு நடுவே உண்மையெல்லாம் வந்தது. கரிசலாங்கண்ணி வந்தது, நிலவேம்பு வந்தது, பப்பாளி வந்தது, பழுப்புப் பொடியும் வந்தது. ஈஸ்வரபாண்டி குளிர் அறைக்குள் நின்றபடியே வியர்த்தான்.

“அம்மா! நான் கீழாநெல்லி மட்டும்தானே சொன்னேன்?”

“ஒண்ணு குடுத்தா எலிக்கே நல்லாகுதுன்னா, அஞ்சாறு குடுத்தா மனுசனுக்கு எம்புட்டு நல்லாகும்?”

“எல்லாத்தயும் நிப்பாட்டுங்க. இன்னைக்கே. கீழாநெல்லியயும்தான்.”

“என்னது, நிப்பாட்டவா?” அப்பாவின் குரல் போனுக்குள் நுழைந்தது. “ஏலே, பந்தல்ல சாம்பல் நோய் கண்ட அன்னைக்கு எவனாச்சும் மருந்த நிப்பாட்டுவானா? அன்னைக்குத்தான்லே கூட ஒரு டேங்க் அடிப்பான்.”

“அப்பா, ஏறுனது மாத்திரையாலயா, தழையாலயான்னு யாருக்கும் தெரியாதுப்பா. எலிக்கு ஒரு தழதான் குடுத்தாக. எல்லாத்தயும் கலந்து குடுத்தா என்னாகும்னு யாரும் பாக்கல.”

“சரி, அந்த எலி என்னாச்சு கடைசில?”

ஈஸ்வரபாண்டி தயங்கினான். “அறுத்து ஈரலப் பாத்தாக.”

“செத்த எலியயா?”

“பொழச்ச எலியயும்தான்.”

பிறகு சுயம்புலிங்கத்தின் குரல் தூரத்தில் கேட்டது. “மச்சான், இந்த ஆஸ்பத்திரியில அறுக்கிற ரூம் எந்தப் பக்கம் இருக்கு?”

அதன் பிறகு அவன் எவ்வளவோ பேசிப் பார்த்தான். பந்தல் நீளத்துக்கு, தோட்ட நீளத்துக்குச் சேதி அனுப்பினான். டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள் என்றான். டாக்டரம்மா வைவாக என்றார்கள். அத்தையைக் கூப்பிட்டுக் கெஞ்சினான். “ஒங்கப்பா நிப்பாட்டட்டும், மறுநிமிசம் நாங்க நிப்பாட்டுறோம்,” என்றாள் பாண்டியம்மாள். அம்மாவைக் கெஞ்சினான். “அவ நிப்பாட்டட்டும்,” என்றாள் அம்மா. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தெருதான். அந்தத் தெருவைத் தாண்டி யார் முதலில் ஸ்பிரேயரைக் கீழே வைப்பது?

ஆரம்பித்து வைத்தது அவன். மாத்திரை நின்றுபோனால், டிபி திரும்பினால், அதுவும் அவன் கணக்கில்தான். தூக்கம் போனது. சூப்பர்வைசர் காலைப் பிடிக்காத குறையாக இரண்டு நாள் லீவு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான். குமுளி மலை இறங்கி, லோயர் கேம்ப்பில் மின்நிலையத்து ராட்சதக் குழாய்கள் தெரிந்தபோது அவனுக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. வழியெல்லாம் பந்தல், பந்தலில் காய். கூடலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் காய் வெட்டிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்பிரேயரை எந்தக் கொம்பனாலும் நிறுத்த முடியாது. ஆனால் ஒருவர் நிறுத்துவார். ஒவ்வொரு போகமும் நிறுத்துகிறார்.

சின்னமனூரில் இறங்க வேண்டியவன் இறங்காமல் நேரே தேனி போனான்.

பழக்கடை சுந்தர்ராஜ் அண்ணாச்சி, வேலுச்சாமியின் திராட்சையைப் பல போகமாக எடுக்கிறவர். வெட்டுக்கு முந்தைய வாரங்களில் மருந்து அடித்த காய் என்றால், கொத்தைத் தூக்கி வெயிலில் ஒரு பார்வை பார்த்து, மூக்குக்குக் கொண்டுபோய், “இது எனக்கு வேணாம்” என்று வைத்துவிடுவார். வேலுச்சாமி பயப்படுகிற ஒரே மனிதர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், சும்மாவேனும் பொய் பேச மாட்டார்.

ஈஸ்வரபாண்டி எல்லாவற்றையும் கொட்டினான். அண்ணாச்சி காதைக் குடைந்தபடி கேட்டார்.

“தம்பி, நான் பழத்தப் பாத்துச் சொல்லுவேன். மனுசனப் பாத்து என்னத்தச் சொல்ல?”

“அதையே சொல்லுங்க அண்ணாச்சி. பழத்துக்குச் சொல்றதையே.”

“பொய் சொல்ல மாட்டேன்.”

“பொய்யே வேணாம். வெட்டுக்கு முந்தி மருந்த நிப்பாட்டணும். அது உண்மைதானே?”

அண்ணாச்சி யோசித்தார். அது உண்மைதான். கடைப் பையனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார்.

மார்க்கையன்கோட்டையில் அண்ணாச்சியின் கார் வந்து நின்றதும் வேலுச்சாமி பதறி எழுந்தார். “வாங்க அண்ணாச்சி! காய் இன்னும் பழுக்கலயே!” என்றவர், பின்னால் இறங்கிய மகனைப் பார்த்து, “ஏலே, நீ எங்கன இருந்து வந்த?” என்றார். சத்தம் கேட்டு எதிர்வீட்டில் இருந்து சுயம்புலிங்கமும் பாண்டியம்மாளும் வந்துவிட்டார்கள்.

அண்ணாச்சி உட்காரவில்லை. தோட்டத்தில் கொத்தைப் பார்ப்பதுபோல வேலுச்சாமியை மேலும் கீழும் பார்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். “வாயத் திறங்க” என்றார். வேலுச்சாமி திறந்தார். நாக்கு பச்சை. பல் பச்சை. மீசை ஓரம்கூடப் பச்சை. அண்ணாச்சி கிட்டே போய் முகர்ந்தார்.

“கடைசியா மருந்து அடிச்சது எப்போ?”

வேலுச்சாமியின் வாய் அவரைக் கேட்காமலே பதில் சொன்னது. வருஷக்கணக்காக அந்தக் கேள்விக்குச் சொல்லிப் பழகிய பதில்.

“அது ஆச்சு அண்ணாச்சி, ஒரு மாசத்துக்கு மேல.”

“மச்சான்! வெள்ளனத்தானே ஒரு வாளி ஊத்துனீக!” என்றார் சுயம்புலிங்கம்.

பாண்டியம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கஸ்தூரியம்மாளும் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். வேலுச்சாமிக்குக் காது சிவந்தது. பச்சை முகத்தில் சிவப்பு ஏறியதும் பழுக்கப்போகிற கொத்து போலவே இருந்தார்.

“இப்பிடித்தான் எனக்கு வருசா வருசம் சொல்லுதீகளா?” என்றார் அண்ணாச்சி.

“ஒரே ஒரு வருசம்தான் அண்ணாச்சி…”

“அது கெடக்கட்டும். ரத்தம் எடுக்கிறது எப்போ?”

“இன்னும் பத்து நாள்ல.”

“அதானே ஒங்களுக்கு வெட்டு? வெட்டுக்கு முந்தி மருந்த நிப்பாட்டாம எவனாச்சும் காய் குடுப்பானா? ஆஸ்பத்திரியில மெசினு கெடக்கு, என் மூக்க விட நல்லா மோந்துரும். மருந்து வாடையோட போனா, காய் நல்ல காயா கெட்ட காயான்னு அந்த டாக்டரம்மா எப்பிடிக் கண்டுபிடிப்பாக? டாக்டரு எழுதுன மாத்திரை தண்ணி பாய்ச்சுற மாதிரி, அத விடக் கூடாது. மத்ததப் பூரா இன்னைக்கோட நிப்பாட்டுங்க. ரெண்டு பந்தலும் ஒரே நாள்ல.”

டாக்டர் சொல்லி ஏறாதது, மகன் அழுது ஏறாதது, தோட்டத்து பாஷையில் வந்ததும் நேரே உள்ளே போய் உட்கார்ந்தது. சுயம்புலிங்கம் முதலில் தலையாட்டினார், இதை எப்போது சொல்வார்கள் என்று காத்திருந்தவர்போல ஆட்டினார்.

“ரெண்டு பந்தலும் ஒரே நாள்லன்னா எங்களுக்கும் சம்மதம்,” என்றாள் பாண்டியம்மாள். “ஆனா மதினி, திருட்டுத்தனமா ஒரு டம்ளரு கூட ஊத்தக் கூடாது. நான் ஜன்னல்ல பாத்துக்கிட்டேதான் இருப்பேன்.”

“நீ ஊத்தாத மொதல்ல,” என்றாள் கஸ்தூரியம்மாள்.

மறுநாள் ஈஸ்வரபாண்டி நான்கு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். பழுப்புப் பொடியைக்கூடப் பொட்டலத்தோடு டாக்டர் மேசையில் வைத்தான். டாக்டர் ஜெபஷீலா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, “இதுல என்ன இருக்கு?” என்றார்.

“தெரியாதும்மா, குமுளியில குடுத்தாக,” என்றாள் பாண்டியம்மாள்.

“தெரியாததையா குடுத்தீங்க?”

“நீங்க குடுக்கிற மாத்திரையில என்ன இருக்குன்னும் எங்களுக்குத் தெரியாதுல்லம்மா.”

டாக்டர் சிரிக்கக் கூடாது என்று பார்த்தார், முடியவில்லை. பிறகு கோபமாகவே சொன்னார். “இதச் சொல்லாம விட்டிருந்தீங்கன்னா, நான் மாத்திரையத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். வேலை செய்யிற மருந்த நிறுத்தியிருப்பேன். எலிக்கு நல்லதுன்னா மனுஷனுக்கு நல்லதுன்னு ஆயிராது. அத இன்னும் சரியாப் பாத்து முடிக்கல யாரும். இனி எது குடிச்சாலும் மொதல்ல எங்கிட்டக் கேளுங்க.”

சாயங்காலம் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் மகனை ஏற்றிவிட வேலுச்சாமி வந்தார். குமுளி பஸ் வர நேரமிருந்தது. முகக்கவசத்தை இறக்கிவிட்டுத் துண்டால் மீசை ஓரத்தைத் துடைத்தார். இன்னும் கொஞ்சம் பச்சை இருந்தது.

“அண்ணாச்சிய நீதான கூட்டியாந்த?”

“…ஆமாப்பா.”

“அவரு சர்ச்சுக்குப் போற மனுசன், அவரப் போயி நடிக்க வச்சிருக்க.”

“அவரு பொய் ஒண்ணும் சொல்லலப்பா.”

“அது சரி.” வேலுச்சாமி பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். “எனக்கு அந்தத் தழ மேல நம்பிக்கைன்னா நெனச்ச? பதினேழு வயசுல இருந்து தழைக்கு மருந்தடிக்கிறவன் நான். தழயே நமக்கு மருந்துன்னு சொன்னா சிரிப்பு வருமா வராதா?”

“அப்புறம் ஏன்ப்பா குடிச்சீக?”

“வீடியோ வராட்டித் தூங்க மாட்டேன்னு எழுதுனியே. குடிச்சா நீ தூங்குவ. அம்புட்டுத்தான். அங்கன கெடந்து குளிர்ல வேல பாக்குற பிள்ள, தூங்கட்டும்னு பாத்தேன். நம்பரு ஏறுன அன்னைக்குத்தான் நிப்பாட்ட எனக்கே பயமாப் போச்சு.” துண்டை உதறித் தோளில் போட்டார். “ஒனக்குப் பயந்து நான் குடிச்சேன். எனக்குப் பயந்து மாப்பிள குடிச்சான். அவன் பாவம்லே, அவன் ஈரலு என்ன செஞ்சுச்சு?”

ஈஸ்வரபாண்டிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் இருமல் வந்தது. வேலுச்சாமி சட்டென்று முகக்கவசத்தை மேலே ஏற்றி, இரண்டு அடி தள்ளி நின்றார். “ஏலே, இருமாத. அப்புறம் உங்கம்மா ஒனக்கும் அரைக்க ஆரம்பிச்சுருவா.”

டாக்டர் சொன்ன நாளில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். எர்ணாகுளத்தில் அன்று ஈஸ்வரபாண்டி மாதுளைப் பெட்டியில் சாத்துக்குடியையும், சாத்துக்குடிப் பெட்டியில் மாதுளையையும் அடுக்கினான். மதியம் குழுவில் அம்மாவின் சேதி விழுந்தது. “ரெண்டு பேருக்கும் நம்பரு எறங்கிருச்சு. மாத்திரைய நிப்பாட்ட வேணாம்னுட்டாக.” அவன் குளிர் அறைக் கதவில் சாய்ந்து நின்று மூச்சை விட்டான். மூச்சு வெள்ளையாகப் போய்க் கலைந்தது.

எதனால் இறங்கியது என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தழை நின்றதாலும் இருக்கலாம், உடம்பு மாத்திரைக்குப் பழகியதாலும் இருக்கலாம் என்றார். டாக்டருக்குத் தெரியாதது குடும்பத்துக்குத் தெரிந்திருந்தது. தன் சீந்தில் கொடி தாமதமாக வேலை செய்திருக்கிறது என்றாள் பாண்டியம்மாள். பப்பாளி இலை என்றாள் கஸ்தூரியம்மாள். சுந்தர்ராஜ் அண்ணாச்சி தேனி கடைத்தெருவில், நான் பார்த்து நிறுத்திய பந்தல் என்று சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

மழைக்காலம் வந்தது. ஈஸ்வரபாண்டிக்கு ஜலதோஷம் பிடித்துத் தலை வலித்தது. வழக்கம்போல் போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு ஊர் நலம் கேட்டவன், போகிற போக்கில், காய்ச்சல் மாத்திரை ஒன்று போட்டேன், இப்போது தேவலை என்று சொல்லித் தொலைத்துவிட்டான்.

குழுவில் பத்து நிமிடம் எவரும் பேசவில்லை. அப்போதே அவன் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் ஊர்க் காய்கறி லாரி மார்க்கெட்டுக்கு வந்தபோது, டிரைவர் அவனைக் கூப்பிட்டு வாழைமட்டையில் சுற்றிய ஒரு பாட்டிலை நீட்டினார். “உங்கம்மா லாரிக்கு முன்னாடியே வந்து நின்னுட்டாக தம்பி. இத வாங்குனாத்தான் வண்டி நகரும்னுட்டாக.” பாட்டிலுக்குள் கரும்பச்சையாக ஏதோ ஆடியது.

போன் அடித்தது.

“அம்மா, டாக்டரம்மா என்ன சொன்னாக? கேக்காம எதையும் குடிக்கக் கூடாதுன்னு சொன்னாகல்ல?”

“எங்களத்தானய்யா குடிக்கக் கூடாதுன்னாக. ஒன்னய ஒண்ணும் சொல்லலயே.”

“ஒரே ஒரு மாத்திரைம்மா!”

“அந்த எலிக்கும் காய்ச்சல் மாத்திரதான்னு நீதான எழுதியிருந்த? நான் அழிக்காம வச்சிருக்கேன். குடிச்சிட்டு வீடியோ அனுப்பு. அனுப்பாட்டி நான் தூங்க மாட்டேன்.”

ஈஸ்வரபாண்டி ரூமுக்குப் போய் வெகுநேரம் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அறைத்தோழன் வைத்திருந்த மோரில் கொத்தமல்லியை நிறையப் போட்டு மிக்சியில் அரைத்தான். நல்ல பச்சை. டம்ளரில் ஊற்றி, போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்து, ஒரே மூச்சில் குடித்து, “ஆச்சும்மா, தூங்குங்க” என்று சொல்லி அனுப்பினான்.

அம்மாவிடமிருந்து கைகூப்பிய படம் ஒன்று வந்தது. பாண்டியம்மாள் அத்தையிடமிருந்து, நாளைக்குச் சீந்தில் அனுப்புகிறேன் என்று வந்தது.

கொஞ்சம் பொறுத்து அப்பா தனியாகக் கூப்பிட்டார். தோட்டத்தில் இருந்திருக்க வேண்டும், பின்னால் யாரோ ஸ்பிரேயர் அடிக்கிற சத்தம் கேட்டது.

“ஏலே.”

“சொல்லுங்கப்பா.”

“வீடியோ பாத்தேன்.”

“ம்.”

“இடது கண்ணு மூடல. தோளு ஏறல. மூஞ்சி பச்சப்புள்ள பால் குடிச்ச மாதிரி இருக்கு. கீழாநெல்லி குடிச்சவன் மூஞ்சியாலே அது?”

ஈஸ்வரபாண்டி காலி டம்ளரைக் கவிழ்த்து வைத்தான்.

“என்ன அது, கொத்தமல்லி மோரா?”

“…ஆமாப்பா.”

“உப்பு போட்டியா?”

“போட்டேன்.”

“நல்லது. ஒங்கம்மாட்ட நான் சொல்லல. ஆனா நாளைக்கு எடுக்கிறப்ப மூஞ்சியக் கொஞ்சம் சுளிச்சு எடு. அவ தூங்கணும்ல,” என்றார் வேலுச்சாமி.